ஆறு முட்டையும் கடவூர்ச் சாலையும்

ஜனவரி 17, சனி

நாளை அய்யலூர்ப் பக்கம் கிளிமூக்கு, விசிறிவால் சேவல் கண்காட்சி. அம்மாவிடம் சொன்னதும் "கட்டுச் சேவலா?" என்று முகத்தைச் சுளித்தார். சண்டை கிடையாது, அழகு பார்ப்பது மட்டும்தான் என்றேன். "கோழிக்கு என்னடா அழகு? வெள்ளைக்கழிச்சல் வராம நின்னா அதுதான் அழகு." ஆனாலும் வருகிறார். வீட்டில் கறுப்புப் பெட்டை மூன்று நாளாக வெறுங்கூடையில் அடை கிடக்கிறது. அதற்கு அடை வைக்க முட்டை வேண்டும், அம்மா வரக் காரணம் அதுதான்.

ஜனவரி 18, ஞாயிறு இரவு

தென்னந்தோப்பில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே நுழையுமுன்பே கூவல். ஒன்று ஆரம்பித்தால் போதும், தோப்பே கூவுகிறது. வால் மண்ணில் புரளக்கூடாதென்று ஒருவர் சேவலைக் கைக்குழந்தை போலத் தூக்கிக்கொண்டே திரிந்தார். இன்னொருவர் ஈரத்துணியால் அதன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய செருப்பு முழுக்கச் சேறு.

மேசையில் நிறுத்தி நடுவர்கள் பார்க்கிறார்கள். மூக்கு கிளிக்கு இருப்பதுபோல் கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். கண் வெளுத்திருக்க வேண்டும். அப்புறம் உயரம், எடை, நிறம், வால். மயில், கீரி, காகம், வல்லூறு, நூலான் என்று நிறங்களுக்கே ஒரு தனி அகராதி. சண்டைக்கென்றே வளர்த்த அசில் வம்சம். இங்கே மூக்குக்கும் வாலுக்குமாகத் தேர்ந்து தேர்ந்து சேர்த்து இந்த உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வளைந்த மூக்கோடு ஒரு சேவல் கம்பு பொறுக்கப் பட்ட பாட்டைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

ஒரு மயில் சேவலுக்கு ஒன்றரை லட்சம் சொன்னார் உரிமையாளர். சுற்றிலும் செல்போனை நீட்டிக்கொண்டு ஒரே கூட்டம். அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. பந்தலுக்குப் பின்னால் கூடையில் கவிழ்த்து வைத்திருந்த பெட்டைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேவலைப் பார்க்கலையாம்மா?"

"தாய்க்கோழி எங்கன்னு கேளு மொதல்ல."

பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "ஆத்தா சொல்றதுதான் சரி தம்பி. எல்லாரும் சேவலுக்குத்தான் காசு குடுப்பான். மூக்கு பெட்டையிலேர்ந்து வருது." அது எந்த அளவுக்கு உண்மையோ, அந்த ஒரு பேச்சில் அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. அவருடைய கோழியின் முட்டையே ஆறு வாங்கினோம், ஒன்று 500 ரூபாய். மூவாயிரத்துக்கு முட்டை! கூர்முனை கீழே இருக்கும்படி உமிப்பெட்டியில் அவரே அடுக்கிக் கொடுத்தார்.

வண்டிக்கருப்பு கோயிலில் நிறுத்திச் சூடம் ஏற்றினோம். அதற்குப் பிறகுதான் என் புத்தி கெட்டது. நான்குவழிச் சாலையில் நேராக மணப்பாறைக்குப் போயிருக்கலாம். மலை நடுவே போகலாமே என்று கடவூர்ப் பக்கம் திருப்பினேன். சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம்போல ஊர்கள். மாலை வெயிலில் சோளத்தட்டை அடுக்கிய களங்கள். ரசிக்க முடியவில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் அம்மா மடியிலிருந்த பெட்டியை அந்தரத்தில் தூக்கிக்கொண்டார். வேகம் இருபதைத் தாண்டவில்லை. ஆட்டுக்கிடை ஒன்று எங்களை முந்தியிருக்கும்.

இந்தக் காட்டைத்தான் 2022இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேர். இரவில்தான் அது வெளியே வரும் என்று தெரிந்தும் மரக்கிளைகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். "தேவாங்கு மாதிரி முழிக்காம ரோட்டைப் பாரு!" என்றார் அம்மா. அதற்குள் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறிவிட்டது. தரகம்பட்டி வரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

ஜனவரி 19, திங்கள்

குலுங்கி வந்த முட்டை, பகல் முழுக்க அசையாமல் இருக்கட்டும் என்று விட்டோம். பொழுது சாய்ந்த பிறகு கூடையில் மணல் பரப்பி, ஓரத்தில் ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் போட்டு அடை வைத்தார் அம்மா. இடி இடித்தால் கூமுட்டை ஆகாமலிருக்கவாம். தை மாதத்தில் ஏதம்மா இடி என்றேன். "நீ ஓட்டுன ஓட்டு போதாதா?"

ஜனவரி 26, திங்கள்

ஏழு நாள் ஆகிவிட்டது. இருட்டில் செல்போன் விளக்கை அடியில் பிடித்துப் பார்த்தோம். நான்கில் சிவப்பாக நரம்பு ஓடுகிறது, சிலந்தி கால் பரப்பியதுபோல. ஒன்று வெளிச்சமாகக் கிடந்தது, கூமுட்டை. ஆறாவதை எடுக்கப்போனேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, "அது கெடக்கட்டும்" என்று பெட்டையின் வயிற்றுக்கடியில் தள்ளிவிட்டார்.