ஏழு அரியர், ஒரு விண்ணப்பம்

பகுதிநேர எம்பிஏவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். பட்டப்படிப்பில் 52 சதவீதம், அதுவும் ஏழு அரியரோடு. எம்பிஏ போன்ற படிப்புகளுக்கு விதி வகுக்கும் ஏஐசிடிஇ கேட்பது 50, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. கோட்டைத் தொட்டுத் தாண்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை அண்ணன் என் மார்க் ஷீட் கட்டைத் தூக்கிப் பார்த்து, "இன்னாப்பா, ஒரே டிகிரிக்கு இவ்ளோவா?" என்றார். அரியர் எழுத எழுத ஷீட்டும் சேரும் என்று அவருக்கு விளக்கவில்லை.

மதிப்பெண் ஏன் குறைவு என்பதற்கு அப்பா படுத்த படுக்கையாக இருந்த வருடத்தைக் காட்டலாம்தான். ஆனால் மூன்று அரியர் அதற்கும் முந்தையவை. கேரம் கிளப் கணக்கு! அதையும் உள்ளபடி விண்ணப்பத்தில் எழுதிவிட்டேன். அப்புறம், துறைமுகத்தில் 9 வருடமாகக் கன்டெய்னர் கணக்கு பார்ப்பதையும்.

மாலை வகுப்பு கிடைத்தால் ஷிப்ட் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.