கேட் தேர்வின் அனலாக் கணக்குகள்: முதலில் மின்தடையைக் குறியுங்கள்

கேட் (GATE, பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) முடிவு வந்து, விரும்பிய மதிப்பெண் கிடைத்துவிட்ட நிம்மதியில் இதை எழுதுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் தாளின் அனலாக் பகுதியில் என்னைக் கரைசேர்த்தது ஒரே பழக்கம்தான். சர்க்யூட்டைக் கண்டதும் ஸ்மால் சிக்னல் மாடலை (சிறு மாற்றங்களுக்கான சமான சுற்றை) வரையத் தொடங்காமல், மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட், சோர்ஸ், டிரெயின் ஆகிய ஒவ்வொரு முனையிலிருந்தும் உள்ளே பார்த்தால் எவ்வளவு மின்தடை தெரியும் என்பதைப் படத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்வேன். கேட் முனையில் முடிவிலி. சோர்ஸ் முனையில் ஏறத்தாழ 1/ஜிஎம் (கேட்-சோர்ஸ் மின்னழுத்தம் மாறும்போது டிரெயின் மின்னோட்டம் எவ்வளவு மாறும் என்பதே ஜிஎம்). சோர்ஸ் தரையில் இருந்தால் டிரெயின் முனையில் ஆர்ஓ, அதாவது டிரான்சிஸ்டரின் சொந்த வெளியீட்டுத் தடை.

உள்ளீட்டைக் கேட்டில் கொடுத்து வெளியீட்டைச் சோர்ஸில் எடுக்கும் காமன் டிரெயின் ஆம்ப்ளிஃபயரை (சோர்ஸ் ஃபாலோயரை) இப்படிப் பார்த்தால் அது வெறும் மின்னழுத்தப் பகிர்வுதான். ஜிஎம் 2 மில்லிசீமன்ஸ் எனில் சோர்ஸுக்குள் 500 ஓம் தெரிகிறது. வெளியே 2 கிலோஓம் இருந்தால் கெயின் (உள்ளீட்டுக்கு வெளியீட்டின் விகிதம்) 2000/2500, அதாவது 0.8. அதே வெளியீட்டில் 500 ஓம் சுமையை இணைத்தால், பக்க இணைப்பில் வெளித்தடை 400 ஓமாகக் குறைந்து, கெயின் 400/900, சுமார் 0.44 ஆகிவிடும். ஆகவே ‘கெயின் ஏறத்தாழ 1’ என்ற பாடவரியை நம்பி விடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாஸ்ஃபெட்டின் நான்காவது முனையான பாடி தரையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்: ஜிஎம்பி (பாடி முனையால் வரும் ஜிஎம்), ஜிஎம்மில் 0.2 பங்கு என்றால், சோர்ஸில் இலட்சிய மின்னோட்ட மூலம் இருந்தாலும், ஆர்ஓவைப் புறக்கணித்தாலும், கெயின் 0.83ஐத் தாண்டாது.

ஒரு மின்னோட்டத்தை நகலெடுக்கும் சுற்றான கரண்ட் மிரரிலும் இதே கண்ணோட்டம் போதும். கேட்டும் டிரெயினும் இணைந்த முதல் டிரான்சிஸ்டர் ஆனில் இருக்கும்வரை சாச்சுரேஷனில்தான் (டிரெயின் மின்னழுத்தம் மின்னோட்டத்தை அதிகம் மாற்றாத நிலையில்தான்) இருக்கும். அதற்குள் தெரிவது 1/ஜிஎம். வெளியீட்டுப் பக்கம் தெரியும் ஆர்ஓ முடிவிலி அல்ல என்பதால்தான் நகல் பிசகுகிறது. 100 மைக்ரோஆம்பியரை இருமடங்கு அகலமுள்ள டிரான்சிஸ்டர் 200 ஆக்க வேண்டும். ஆனால் டிரெயின் மின்னழுத்தத்தோடு மின்னோட்டம் கூடுவதைக் குறிக்கும் லாம்டா 0.1 ஆகவும், இரு டிரெயின்-சோர்ஸ் மின்னழுத்தங்கள் 0.8, 1.8 வோல்ட்டாகவும் இருந்தால், 1.18/1.08 என்ற விகிதம் பெருகி 218.5 கிடைக்கும். எண் விடைக் கேள்வியில் இந்த வேறுபாடே மதிப்பெண்.

மனப்பாடம் என் இயல்புக்கு ஒவ்வாது. ஆயினும் சிலவற்றை நினைவில் வைத்தே ஆக வேண்டும்.

- கேஸ்கோடு மிரரின் (டிரான்சிஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மிரரின்) வெளியீட்டுத் தடை, ஏறத்தாழ ஜிஎம் பெருக்கல் ஆர்ஓவின் வர்க்கம்.
- பைபோலார் டிரான்சிஸ்டர் மிரரில் பீட்டா (கலெக்டர், பேஸ் மின்னோட்டங்களின் விகிதம்) 100 எனில், பேஸ் மின்னோட்டத்தால் நகல் சுமார் 2 சதவீதம் குறையும்.
- எண்ணாக விடை எழுத வேண்டிய கேள்விகளுக்கு நெகட்டிவ் மதிப்பெண் இல்லை, ஒன்றையும் விடாதீர்கள்.

காமன் டிரெயினும் மிரரும் சேர்ந்து வரும் கணக்கில், சோர்ஸ் ஃபாலோயரின் கீழே மிரர் அமர்ந்திருக்கும். அங்கே கெயினைக் கணக்கிடும் முன், வெளியீட்டு மின்னழுத்தம் கீழுள்ள டிரான்சிஸ்டரின் ஓவர்டிரைவ் (கேட்-சோர்ஸ் மின்னழுத்தம் த்ரெஷோல்டைத் தாண்டிய) அளவுக்குக் கீழே இறங்குகிறதா என்று சரிபாருங்கள். இறங்கினால் அது சாச்சுரேஷனை விட்டு வெளியேறிவிடும், ஓரத்தில் குறித்த ஆர்ஓவும் செல்லாது.