நாற்பது வயதுக்கு மேல் படம் வரைய ஒரு நடுகல் போதும்

"எனக்குப் படம் வராதுங்க" என்று சொல்கிறவர்களில் பலருக்குக் கையில் ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போடுகிற கைக்குக் கோடும் வரும். கோளாறு கண்ணில். வீரன் என்றதும் மனசில் இருக்கிற முறுக்கு மீசையை வரைகிறோம். எதிரே கல்லில் இருப்பதைப் பார்ப்பதே இல்லை.

இதற்குத் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கிடைக்கிற நல்ல வாத்தியார் நடுகல், அதாவது இறந்த வீரனின் உருவத்தைச் செதுக்கி நட்ட கல். ஏரிக்கரையில் நிற்கும், வேடியப்பன் என்று கும்பிடப்படும், தர்மபுரி அரசு அருங்காட்சியகத்திலும் இருக்கும். அசையாது. முகம் மழுங்கியிருந்தால் இன்னும் வசதி, ஜாடை வரவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது.

ஏ5 அளவு நோட்டு, எச்பி பென்சில் ஒன்று, இன்னும் கறுப்பாக விழும் 4பி ஒன்று. முதல் மாதம் ரப்பர் வேண்டாம். அழிக்க ஆரம்பித்தால் உட்கார்ந்து வரைகிற அரை மணி நேரமும் ஒரே முழங்கையில் கரைந்துவிடும். விலை கூடின பேப்பரும் வேண்டாம், வீணாகிவிடுமோ என்று கை தயங்கும்.

பலர் கோட்டை விடுவது வெளிச்சத்தில். நடுகல் உருவம் கல்லை விட்டுக் கொஞ்சம்தான் புடைத்திருக்கும். வெயில் நேராக முகத்தில் அடித்தால் வாளும் வில்லும் மறைந்து வெறும் பாறையாகிவிடும். வெயில் கல்லை உரசிக்கொண்டு போக வேண்டும். கிழக்குப் பார்த்த கல்லுக்கு விடியற்காலையில் போவது வீண்; பத்தரை, பதினொன்றரைக்குள் போனால் வெளிச்சம் மேலிருந்து வழிந்து ஒவ்வொரு விரலுக்கும் நிழல் கொடுக்கும். மரத்தடிக் கல்லாக இருந்தால் கூட வந்தவரை செல்போன் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள்.

முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடாதீர்கள். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் முறையிலும் முதலில் வருவது 'காட்சி', கல்லைத் தேடிப் பார்ப்பது.

பிறகு கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் கல்லின் அகலத்தை அளந்து, உயரத்தில் அது எத்தனை முறை அடங்குகிறது என்று எண்ணுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். உச்சிக்கும் அடிக்கும் தாளில் முதலிலேயே குறி வையுங்கள். தலையில் ஆரம்பித்துக் கீழே இறங்குகிறவர்கள் காலுக்கு இடமில்லாமல் வீரனைக் குள்ளனாக்கிவிடுவார்கள்.

அடுத்து வீரனின் கையை வரையாதீர்கள், வில்லுக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியின் வடிவத்தை வரையுங்கள். இடைவெளிக்கு மனசில் முன்கூட்டி ஒரு படம் கிடையாது, அதனால் கண் ஏமாற்றாது. அது சரியாக அமைந்தால் கை தானாக அமையும். காலருகே கிண்டி (மூக்கு வைத்த செம்பு), சிமிழ் இருந்தால் அதையும் இப்படியே. வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து கல்லில் தெரிந்தால் படிக்கப் போகாமல் வெறும் வளைவுகளாகப் பாருங்கள். படிக்க ஆரம்பித்தால் கண் வரைவதை நிறுத்திவிடும்.

நிழலை 4பியால், பென்சில் எடுத்த முதல் பத்து நிமிடத்திலேயே அடைத்துவிடுங்கள். அரை மணியில் சூரியன் ஏழரை டிகிரி நகர்ந்துவிடும். நிழலைத் துரத்திக்கொண்டே போனால் படத்தில் இரண்டு சூரியன் இருக்கும்.

கும்பிடுகிற கல் என்றால் ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். எழுத்தைத் துலக்குகிறேன் என்று சாக்பீஸ் தேய்ப்பது அநியாயம்.

படத்தின் ஓரத்தில் ஊர், தேதி, மணி, கல் பார்த்த திசை நான்கையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை எப்போது போவது என்பதை அதுதான் சொல்லும். வடக்குப் பார்த்த கல்லில் தை மாதம் நேர் வெயிலே படாது. அதே கல்லுக்கு ஆனியில் போங்கள்; சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், தையில் கண்ணுக்குப் படாத அம்பு நுனி நிழலோடு நிற்கும்.