தடித்த சுவர், சின்ன ஜன்னல்: கில்பெக் கோயிலைப் பார்க்கும் விதம்

ரோமனெஸ்க் பாணியில், அதாவது கோதிக்குக்கு முன் ஐரோப்பாவில் இருந்த அரைவட்ட வளைவுப் பாணியில், கட்டிய கிறிஸ்தவக் கோயிலுக்குள் நுழைந்ததும் எல்லாரும் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஜன்னலை. வெளியிலிருந்து ஒடுங்கிய பிளவாகத் தெரிவது, உள்ளே இருபுறமும் சரிந்து அகலமாக விரியும். அந்தச் சரிவின் ஆழம்தான் சுவரின் கனம்.

அரைவட்ட வளைவு பாரத்தைக் கீழே இறக்குவதோடு பக்கவாட்டிலும் உதைக்கும். பின்னால் வந்த கோதிக் கூர் வளைவைவிட அதிகமாகவே. அந்த உதைப்பை வாங்கிக்கொள்ள அன்று சுவரின் எடைதான் பெரிய துணை. அந்தச் சுவரும் பெரும்பாலும் முழுக்கல் அல்ல. இரு முகங்களிலும் செதுக்கிய கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். உள்ளே நீர் இறங்கிச் சாந்து கரைந்துவிட்டால் முகக்கல் வயிறு தள்ளும்.

இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷைரில் 1140 வாக்கில் கட்டிய கில்பெக் பங்குக் கோயில் இந்தக் கணக்கை அழகாகக் காட்டுகிறது. மக்கள் நிற்கும் கூடம், திருப்பீடப் பகுதி, அரைவட்ட முனை என்று ஒன்றன்பின் ஒன்றாக மூன்றே அறைகள். கடைசி அறையின் முதுகு நம் தூங்கானை மாடம் போல வளைந்திருக்கும். கூடத்துக்கு மரக்கூரை, கல் விதானம் அந்தச் சிறிய முனைக்கு மட்டும். அகலம் குறைந்தால் உதைப்பும் குறைவு. கெட்டிக்காரக் கொத்தன்!

தெற்கு வாசலில் நின்று தூண் தலைப்புகளைப் பாருங்கள்: ஒரு முகத்தின் வாயிலிருந்து கொடி கிளம்பிப் படரும். கூரை விளிம்பின் கீழே வரிசையாகத் தாங்குகற்கள். நாயும் முயலும் அருகருகே இருக்கும் கல்லை யாரும் தவறவிடுவதில்லை. சிவப்பு மணற்கல்லில் செதுக்கு இவ்வளவு கூர்மையாக நிற்பது அபூர்வம்.

இத்தகைய கோயில்களைக் கெடுப்பது பெரும்பாலும் சிமென்ட். சுவருக்குள் போன ஈரம் கற்களுக்கு இடையிலுள்ள மென்மையான சுண்ணாம்பு இணைப்பு வழியாக வெளியேற வேண்டும். இணைப்பைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் கல் வழியாக வரும்; உப்பு பூக்கும், உறைபனியில் கல்லின் முகம் செதில் செதிலாக உரியும். இணைப்பு மட்டும் விளிம்பாகத் துருத்தி, கல் குழிந்திருந்தால் அது சிமென்ட்தான், சந்தேகமே வேண்டாம்.

அந்தச் சிமென்டை எடுக்க உளியும் சுத்தியலும் போதும். கல் அறுக்கும் மின் கிரைண்டர் வைத்தால் கல்லின் ஓரம் போய்விடும். கல்லோடு ஒட்டிப்போன சிமென்டை அப்படியே விடுவதே மேல். இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் சுரண்டி, தூசி தட்டி, நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கரடான மணல் சேர்த்த சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். விரல் பதியாமல் நகம் மட்டும் பதியும் பதம் வந்ததும் முரட்டுத் தூரிகையால் தட்ட வேண்டும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்த வேலை ஆகாது. பிறகு சில நாட்களுக்கு ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். வேகமாகக் காய்ந்தால் சாந்து பொடியாகிவிடும்.