பொருத்தம் பார்த்த பெட்டி

சென்ற சனிக்கிழமை மன்னார்குடி மாமாவின் உரக்கடையில் மின்சாரம் போய் வந்ததும், டாஸ் என்னும் பழைய இயங்குதளத்தில் ஓடும் ஃபாக்ஸ்புரோ 2.6 என்ற தரவுத்தள மென்பொருள் கடன் பேரேட்டைத் திறக்க மறுத்து, இண்டெக்ஸ் (பதிவுகளை வரிசைப்படுத்தும் கோப்பு) தரவுக்கோப்போடு பொருந்தவில்லை, மறுபடி உருவாக்கு என்று ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டது.

"இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு இப்போதுதான் ஜாதகம் பார்க்கிறது, மாப்பிள்ளை" என்றார் மாமா.

கணினி வேலை பார்ப்பவன் எதையும் சரிசெய்வான் என்பது அவருடைய நம்பிக்கை. ஒருமுறை மிக்ஸியைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். 1994-இல் வந்த அந்த மென்பொருளுக்குக் கையேடு தேடிக் கைப்பேசியைத் துழாவினால், கிடைத்தவை பெரும்பாலும் பின்னால் வந்த விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கானவை. அதற்கான ஆதரவே 2015-இல் முடிந்துவிட்டது. பரணில் ஏறி, முப்பது வருஷத் தாம்பூலப் பைகளையும் ஒரு படை கரப்பான்களையும் கடந்து, அச்சுப் புத்தகத்தையே கண்டுபிடித்தேன். கட்டளைகள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்த அந்தப் புத்தகத்தில், கரையான் நடுவில் புகுந்து 'ஜி'யில் தொடங்கி 'எஸ்' வரை தின்று தீர்த்திருந்தது. எனக்கு வேண்டியிருந்தது இண்டெக்ஸின் 'ஐ'.

நான் தூசியோடு இறங்கிவந்தபோது, மூட்டை தூக்கும் பையன் எஃப்1 விசையை அழுத்திவிட்டு உதவிக்குறிப்பை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். ஃபாக்ஸ்புரோவின் உதவிக்குறிப்பும் ஃபாக்ஸ்ஹெல்ப் என்னும் இன்னொரு டிபிஎஃப் தரவுக்கோப்புதான் என்பதும், அது அரை நாளாக என் மூக்குக்கு நேரே இருந்தது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. பையனுக்கு மாமா டீ வாங்கிக் கொடுத்தார், எனக்கு வாங்கவில்லை.

ஆனால் கட்டளை தெரிந்து என்ன பயன்? இண்டெக்ஸின் தலைப்பகுதியே கெட்டிருந்ததால் அதைப் புதுப்பிக்கும் ரீஇண்டெக்ஸ் கட்டளை உதவவில்லை; இண்டெக்ஸ் இருந்த சிடிஎக்ஸ் கோப்பை அழித்துவிட்டு, பேரேட்டின் எந்தப் புலங்களை (தகவல் பத்திகளை) வைத்து முதலில் கட்டினார்களோ அவற்றைக் கொண்டே மறுபடி கட்ட வேண்டும். புரோகிராம் எழுதிக் கொடுத்த தம்பியோ, கணினிக்கு மட்டும் புரியும்படி தொகுத்த எஃப்எக்ஸ்பி கோப்புகளை மட்டும் விட்டுவிட்டு எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார்.

வெறுத்துப்போய் விசைப்பலகைத் தட்டை உருவித் துடைக்கத் தொடங்கினேன். அதன் அடிப்புறத்தில் பழைய நாட்காட்டித் தாள் ஒன்று பசைபோட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதில் பென்சிலில் அத்தையின் உருண்டைக் கையெழுத்து.

"இண்டெக்ஸ் ஆன் ஊர் பிளஸ் பேர் டேக் கடன். கரண்ட் போனால் இதை அடிக்கவும். அவரிடம் சொல்ல வேண்டாம், பதறுவார்."

அடித்தேன். ஆலங்கோட்டை முதல் வடுவூர் வரை எல்லாக் கடன்காரர்களும் வரிசையாக வந்து நின்றார்கள். மாமா திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தார்.

"எத்தனை தடவை கரண்ட் போயிருக்கும்" என்றார்.

படம் எடுத்துக்கொள்ளக் கைப்பேசியை நீட்டினேன். அதற்குள் தாளைப் பசையோடு மெல்ல உரித்தெடுத்துக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.