நாய் உலர்திராட்சை தின்னுடுச்சுன்னா என்ன நடக்கும்: எங்க வீட்டு அனுபவம்

நாய் எதையாச்சும் இழுத்துப்போட்டு தின்னுடுச்சுன்னா அந்த கவர குப்பையில போட்றாதீங்க. டாக்டர் கேக்கறது என்ன தின்னுச்சு, எவ்ளோ, எப்போ, நாய் எத்தன கிலோன்னுதான், பாதி பதில் அந்த கவர்லயே இருக்கும்.

எங்க மணி நாட்டு நாய், 14 கிலோ. பாயாசத்துக்கு வாங்கி வச்ச உலர்திராட்சை 100 கிராம் பாக்கெட்ட கிழிச்சு முக்கால்வாசி முழுங்கிட்டான். அப்பா "பழம்தானடா, என்ன ஆயிடப்போகுது"ன்னார். அவனும் வாலாட்டிட்டு ஜாலியாத்தான் சுத்திட்டிருந்தான், இதுல ஏமாத்தறதே அதுதான், ஏன்னா திராட்சை கிட்னியத்தான் அடிக்கும், அது வெளிய தெரிய ஒண்ணு ரெண்டு நாள் ஆகலாம், அதுக்குள்ள வாந்தி எடுக்க வச்சு வெளிய கொண்டுவர்ற நேரமும் போயிடும். ஒரு நாய் கைநிறைய தின்னாலும் ஒண்ணும் ஆகாது, இன்னொண்ணு கொஞ்சம் தின்னாலே படுத்துடும், இவ்ளோ வரைக்கும் பரவால்லன்னு ஒரு கணக்கே கெடையாதாம்.

பக்கத்து வீட்டு அக்கா உப்பக் கரைச்சு வாயில ஊத்துங்கன்னாங்க. போன்ல டாக்டர் அத கேட்டதும் பதறிட்டார், உப்பு ஏறுனா அதுவே மூளைய பாதிக்கும், வீட்ல ஒண்ணும் செய்யாம நேரா தூக்கிட்டு வாங்கன்னார்.

போனதும் ஊசி போட்டாங்க, கொஞ்ச நேரத்துல வாந்தி, திராட்சை எல்லாம் ஊறி உப்பி அப்படியே வந்துச்சு. பொதுவா ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொண்டு போயிட்டா நெறைய வெளிய எடுத்துடலாமாம். அப்புறம் கரி கரைச்ச மருந்து, முன்னங்கால்ல ட்ரிப்ஸ், ரத்தம் எடுத்து கிரியாட்டினின், யூரியான்னு கிட்னிய பாக்கற டெஸ்ட். மொத டெஸ்ட் நார்மல்னதும் நாங்க கெளம்பப் பாத்தோம், டாக்டர் விடல, இது ஆரம்பம்தான், அடுத்தடுத்த நாள் திரும்ப பாத்தாத்தான் சொல்ல முடியும்னுட்டார். ட்ரிப்ஸ் ஏறஏற ஒண்ணுக்கு ஒழுங்கா போறானான்னு பாத்துக்கிட்டே இருக்கணும், அது கொறைஞ்சா கிட்னி வேலை செய்யலன்னு அர்த்தம். மணிய புடிச்சு உக்கார வைக்கறதுதான் பெரும்பாடு, ப்ளாஸ்திரிய பல்லால பிச்சுக்கிட்டே இருந்தான். கடைசி வரைக்கும் ரிப்போர்ட் நார்மலாவே வந்துச்சு, தப்பிச்சோம்.

சும்மா உக்காந்திருந்த நேரத்துல டாக்டர நோண்டி கேட்டதுல ஒரு விஷயம் தூக்கிவாரிப் போட்டுச்சு. திராட்சைல இருக்கற டார்டாரிக் ஆசிட்தான் காரணமா இருக்கும்னு 2021ல அமெரிக்க கால்நடை டாக்டர்கள் எழுதியிருக்காங்க, அதே ஆசிட் புளியிலயும் ஏகத்துக்கு இருக்கு! அம்மா பாசமா உருட்டிப் போடற புளியோதரை அன்னியோட நின்னுச்சு. புளி மிட்டாயும்தான்.

வெங்காய பக்கோடா, பூண்டு போட்ட மிக்சர் கூடாது, வெங்காயமும் பூண்டும் ரத்த சிவப்பணுவ ஒடைக்கும், வேகவச்சாலும் பொரிச்சாலும் அது மாறாது. எண்ணெய்ப் பலகாரம் நெறைய தின்னா கணையம் வீங்கும். சாக்லேட்ல டார்க்தான் மோசம். கேசரில திராட்சை கெடக்கும், மறந்துடுவோம். சுகர் ஃப்ரீ சூயிங்கம் இருக்கே, அதுல சைலிட்டால்னு சக்கரைக்கு பதிலா போடற இனிப்பு இருந்தா கொஞ்ச நேரத்துலயே ரத்தத்துல சுகர் படார்னு எறங்கி நாய் மயங்கி விழும், ஈரலும் போகலாம், அத ஹேண்ட்பேக்ல போட்டு தரைல வைக்காதீங்க.

எதுவுமே குடுக்கக்கூடாதுன்னு இல்ல. உப்பு போடாத பொரி, வெள்ளரிக்கா, கேரட், சாம்பார் படாத இட்லி, வேகவச்ச முட்டை, கொட்டை எடுத்த ஆப்பிள் எல்லாம் அளவா குடுக்கலாம், மணிக்கு பொரின்னா உயிரு. டீ பிஸ்கட் விஷம் இல்ல, ஆனா வெறும் மைதாவும் சக்கரையும்தான். அப்பா இன்னமும் சாயங்காலம் ஒரு துண்டு ஒடைச்சுப் போட்டுட்டுதான் இருக்கார், அதுல மட்டும் நான் தலையிடறதில்ல.