சிறுமலை இறக்கத்தில் இன்ஜெக்டர் என்ன செய்கிறது?

காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு பார்க்க மெக்கானிக் கருவி செருகும் இடம்) புளூடூத் அடாப்டரைச் செருகி, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு சொல்வதைப் போனில் பார்க்கும் வேலை தொடர்கிறது. இந்த முறை பெட்ரோல் கணக்கு மட்டும், அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் வேலை.

மதுரை வெயிலில் நின்ற வண்டி என்பதால் ஸ்டார்ட் செய்யும்போதே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 38 டிகிரி. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்துச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் சூடேறும்வரை இசியு அதன் பேச்சைக் கேட்பதில்லை. தன்னிடம் உள்ள அட்டவணைப்படி பெட்ரோல் விடுகிறது. இது ஓப்பன் லூப். கொஞ்ச நேரத்தில், சென்சார் சொல்வதைக் கேட்டு அளவைத் திருத்தும் குளோஸ்டு லூப்புக்கு மாறியது. அப்புறம் பார்க்க வேண்டும், போன் திரையில் சென்சாரின் வோல்ட்டேஜ் கோடு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்குகிறது. 0.45-க்கு மேல் போனால் பெட்ரோல் கூடுதல், கீழே வந்தால் குறைவு. பெட்ரோலும் காற்றும் மிச்சமில்லாமல் எரியும் இடத்தைச் சுற்றியே இசியு இழுத்துப் பிடிக்கிறது; எத்தனால் கலக்காத பெட்ரோலில் அது எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு அதுதான் தோது.

திண்டுக்கல் வழியாகச் சிறுமலை, 18 கொண்டை ஊசி வளைவுகள். போன் மாமா கையில். ஏற்றத்தில் முழுக்க மிதித்த இடங்களில் கோடு 0.9-ஐ ஒட்டியே நின்றது. இழுவைக்காகப் பெட்ரோலைத் தாராளமாகவே விடுகிறது.

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது மாமாவின் நெடுநாள் கட்சி. இரண்டாம் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

"மாப்ள, கோடு படுத்துருச்சுப்பா."

இன்ஜெக்டர் மூடிவிட்டது. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது, சைலன்சரில் வெறும் காற்று. ஆர்பிஎம் 1,300-ஐ ஒட்டி இறங்கியதும், இன்ஜின் அணையாமலிருக்க இசியு மறுபடி பெட்ரோல் விட்டது. கோடு எழுந்து ஆடியது. வளைவில்லாத, சரிவு குறைந்த ஒரு துண்டில் நியூட்ரலையும் பார்த்தோம். 800 ஆர்பிஎம், கோடு ஆடிக்கொண்டே இருக்கிறது. அதாவது ஐடிலிங் பெட்ரோல் எரிகிறது, இன்ஜின் பிடிப்பும் இல்லை, எல்லாச் சுமையும் பிரேக் மேல். சமதளத்தில் கணக்கு மாறலாம், மலைச்சரிவில் கியர்தான். மாமா, "அது கார்புரேட்டர் காலத்துப் பேச்சுப்பா" என்று கட்சி மாறிவிட்டார்.

லாங் டெர்ம் ட்ரிம் மட்டும் +6 சதவீதத்தில் நிற்கிறது, அதாவது அட்டவணை அளவைவிட அவ்வளவு கூடுதலாக பெட்ரோல் விட இசியு பழகியிருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அளவு கூட்டித்தான் விட வேண்டும் என்பதால் இது இயல்பாகவும் இருக்கலாம், எங்காவது இன்ஜினுக்குள் கணக்கில் வராத காற்று கசிந்து நுழைவதாகவும் இருக்கலாம். ட்ரிம் ஐடிலிங்கில் மட்டும் கூடி, 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால் கசிவு. இரண்டிலும் ஒரே மாதிரி என்றால் எரிபொருள் பக்கம். அடுத்து அதைத்தான் பார்க்கப் போகிறேன்.